இன்டர்ரெயில்

இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் வசிப்பவர்கள் ஒரே பயணச்சீட்டைக் கொண்டு பல ஐரோப்பிய நாடுகளின் தொடருந்துகளில் (இரயில்களில்) குறிப்பிட்ட காலத்துக்குப் பயணம் செய்ய உதவும் ஒரு சலுகைத் திட்டமாகும். இது 1972 ஆம் ஆண்டில் 21 வயதுக்கு மேற்படாத இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று எல்லா வயதினரும் இதனை வாங்கலாம். 33 நாடுகளின் தொடருந்து நிறுவனங்கள் இத்திட்டத்தில் பங்கு கொள்கின்றன. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான இதையொத்த திட்டம் யூரெயில் எனப்படுகிறது.

நண்பர்களுடன் முதுகுப்பையைச் சுமந்து கொண்டு, குறைந்த செலவில் நாடு நாடாகச் சுற்றிவரும் மாணவர் பயணம் ஐரோப்பாவில் ஒரு வழக்கமாக வேரூன்றியதற்கு இன்டர்ரெயில் ஒரு முக்கியக் காரணமாகும். மலிவான இளைஞர் விடுதிகளும், பின்னாளில் எல்லைச் சோதனைகள் நீக்கப்பட்டதும், யூரோ நாணயம் வந்ததும் இவ்வழக்கத்தை மேலும் எளிதாக்கின.

பின்னணி

இளைஞர்கள் குழுவாக, சிக்கனமாக ஊர் சுற்றும் பழக்கம் ஐரோப்பாவில் தொடருந்துச் சலுகைகளுக்கு முன்பே தோன்றிவிட்டது. செருமனியில் 1901 இல் பெர்லின் அருகேயுள்ள இசுட்டெக்லிட்சு என்னும் இடத்தில் அமைப்பாக உருவான வாண்டர்ஃபோகல் இயக்கம் மாணவர்களைக் காடு மலைகளில் நடைப்பயணம் செல்லத் தூண்டியது. அதே நாட்டில் ரிச்சர்டு சிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தம் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது கடும் மழையில் சிக்கி, ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஒவ்வொரு நாள் நடைத்தொலைவிலும் இத்தகைய தங்குமிடம் ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. இதன் பயனாக 1912 இல் அல்டேனா கோட்டையில் உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. 1932 இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஆம்சுட்டர்டாம் நகரில் கூடிப் பன்னாட்டு இளைஞர் விடுதிக் கூட்டமைப்பை ஏற்படுத்தின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பியத் தொடருந்து நிறுவனங்கள் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்க முற்பட்டன. 1959 இல் தொடங்கப்பட்ட யூரெயில் சீட்டு 13 நாடுகளில் செல்லுபடியானது; முதன்மையாக வட அமெரிக்கப் பயணிகளைக் கருத்தில் கொண்டே அது உருவாக்கப்பட்டது. இதனால் வெளிநாட்டவருக்குக் கிடைத்த சலுகை, ஐரோப்பிய இளைஞர்களுக்கு அவர்களது கண்டத்திலேயே கிடைக்காத நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

வரலாறு

தொடக்கம்

பன்னாட்டுத் தொடருந்து ஒன்றியம் 1922 இல் பாரிசு நகரில் நிறுவப்பட்டது. அதன் 50 ஆம் ஆண்டு நிறைவைக் குறிக்கும் வகையில் 1972 இல் இன்டர்ரெயில் சீட்டு விற்பனைக்கு வந்தது. இது அந்த ஓர் ஆண்டுக்கு மட்டுமே உரிய ஏற்பாடாகவே முதலில் எண்ணப்பட்டது. 21 வயது வரையுள்ளவர்கள் ஒரு மாத காலத்துக்கு 21 நாடுகளில் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்யலாம். ஐக்கிய இராச்சியத்தில் இதன் விலை 27.50 பவுண்டாக இருந்தது. சீட்டை வாங்கிய நாட்டுக்குள் இலவசப் பயணம் கிடையாது. அங்கு பாதிக் கட்டணம் செலுத்த வேண்டும். எதிர்பார்த்ததை விட இளைஞரிடையே வரவேற்பு மிகுதியாக இருந்ததால் திட்டம் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

பனிப்போர்க் காலமாக இருந்தபோதிலும், அங்கேரி, யுகோசுலாவியா போன்ற பொதுவுடைமை ஆட்சி நாடுகளும் இதில் இடம்பெற்றிருந்தன. எனவே, மேற்கு ஐரோப்பிய மாணவர் ஒருவர் புடாபெசுட்டு நகருக்கும் அதே சீட்டில் செல்ல முடிந்தது. எனினும் கடவுச்சீட்டு, நுழைவிசைவு (விசா) தொடர்பான கட்டுப்பாடுகள் அப்படியே இருந்தன. கிழக்கு ஐரோப்பிய இளைஞர்கள் மேற்கு நோக்கிப் பயணம் செய்வது பெரும்பாலும் இயலாததாகவே இருந்தது.

வயது வரம்பும் விரிவாக்கமும்

வயது வரம்பு 1976 இல் 23 ஆகவும், 1979 இல் 26 ஆகவும் உயர்த்தப்பட்டது. இதன்மூலம் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் நிலையில் உள்ளோரும் பயன் பெற்றனர். ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ள மொரோக்கோவும் பல ஆண்டுகள் இத்திட்டத்தில் இருந்தது. இசுப்பெயினின் தென்கரையில் இருந்து கப்பலேறி அங்கு செல்வது அக்கால மாணவரிடையே விரும்பப்பட்ட வழியாகும். 1990களில் 26 வயதைக் கடந்தவர்களுக்கும் கூடுதல் விலையில் சீட்டு விற்கப்பட்டது.

1989 இல் பெர்லின் சுவர் வீழ்ந்த பின்னர் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்வது எளிதாயிற்று. பிராகா, கிராக்கோவ், புடாபெசுட்டு ஆகிய நகரங்கள் மலிவான செலவினால் மாணவப் பயணிகளின் விருப்ப இடங்களாயின. இதற்கு மாறாக, 1991 இல் தொடங்கிய யுகோசுலாவியப் போர்கள், மேற்கு ஐரோப்பாவில் இருந்து பெல்கிரேடு வழியாகக் கிரேக்கம் செல்லும் வழக்கமான தொடருந்து வழியைப் பெரிதும் பாதித்தன. பயணிகள் இத்தாலி சென்று அங்கிருந்து கப்பல் மூலம் கிரேக்கம் செல்வதை நாடினர்.

மண்டல முறை

1994 இல் பங்கேற்கும் நாடுகள் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. பயணி தமக்கு வேண்டிய ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மண்டலங்களுக்கு மட்டும் விலை கொடுத்துச் சீட்டு வாங்கலாம். குறைந்த நாட்களும் குறைந்த பணமும் உள்ளவர்களுக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் மண்டல எல்லையைக் கடக்கும் வழிகளில் தனியே கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால் குழப்பமும் ஏற்பட்டது.

2007 ஆம் ஆண்டு மாற்றம்

2007 ஏப்ரலில் மண்டல முறை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக எல்லா நாடுகளுக்குமான சீட்டு, ஒரு நாட்டுக்கான சீட்டு என இரு வகைகள் அறிமுகமாயின. அதுவரை தனியாக இருந்த யூரோ டோமினோ என்னும் ஒரு நாட்டுச் சீட்டு இதனுடன் இணைக்கப்பட்டது. மொரோக்கோ இத்திட்டத்தில் இருந்து விலகியது. இப்போது இன்டர்ரெயில், யூரெயில் இரண்டையும் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூரெயில் நிறுவனம் நடத்தி வருகிறது. இதன் உரிமையாளர்கள் பல ஐரோப்பியத் தொடருந்து, கப்பல் நிறுவனங்கள் ஆவர்.

2016 முதல், சொந்த நாட்டிற்குள்ளும் ஒரு முறை வெளிச்செல்லவும் ஒரு முறை திரும்பி வரவும் சீட்டைப் பயன்படுத்த இசைவளிக்கப்பட்டது. இதனால் எல்லை வரை செல்வதற்கான தனிக் கட்டணம் மிச்சமாயிற்று. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டுப் பயணங்கள் பெரிதும் தடைப்பட்டன. 2022 இல் 50 ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சில நாட்கள் சீட்டுகள் பாதி விலைக்கு விற்கப்பட்டன.

ஐக்கிய இராச்சியம் தொடர்பான சர்ச்சை

2019 ஆகத்து 7 அன்று, பிரித்தானியத் தொடருந்து நிறுவனங்களின் அமைப்பு, 2020 தொடக்கம் முதல் இன்டர்ரெயில், யூரெயில் ஆகிய இரண்டில் இருந்தும் விலகுவதாக அறிவித்தது. வெளிநாட்டவருக்கென அது தனியே விற்கும் பிரிட்ரெயில் சீட்டு இந்த முடிவின் பின்னணியில் இருந்தது. பயணிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து மறுநாளே இம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. 2020 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து ஐக்கிய இராச்சியம் விலகிய பின்னரும் அந்நாடு இன்டர்ரெயிலில் தொடர்கிறது. அங்கு வசிப்போரும் சீட்டை வாங்கலாம். ஒன்றியத்தின் உறுப்புரிமைக்கும் இத்திட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

பங்கேற்கும் நாடுகள்

- மேற்கு ஐரோப்பா: அயர்லாந்து, ஐக்கிய இராச்சியம், பிரான்சு, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு
- நடு ஐரோப்பா: செருமனி, சுவிட்சர்லாந்து, ஆசுத்திரியா, செக் குடியரசு, சிலோவாக்கியா, போலந்து, அங்கேரி, சுலோவீனியா
- வட ஐரோப்பா: டென்மார்க்கு, நோர்வே, சுவீடன், பின்லாந்து, எசுத்தோனியா, லாத்வியா, லித்துவேனியா
- தென் ஐரோப்பா: போர்த்துகல், இசுப்பெயின், இத்தாலி, கிரேக்கம்
- பால்கன் பகுதியும் துருக்கியும்: குரோவாசியா, பொசுனியா எர்செகோவினா, செர்பியா, மொண்டெனேகுரோ, வடக்கு மக்கெதோனியா, பல்கேரியா, உருமேனியா, துருக்கி

சீட்டின் வகைகள்

பல நாடுகளுக்கான சீட்டு இரு முறைகளில் கிடைக்கிறது.

- நெகிழ்வுச் சீட்டு: ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாட்கள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் பயணம் செய்யலாம். எந்தெந்த நாட்கள் என்பதைப் பயணியே தெரிவு செய்யலாம்.
- தொடர் சீட்டு: 15 நாட்கள், 22 நாட்கள், 1 மாதம், 2 மாதம், 3 மாதம் ஆகிய கால அளவுகளில் நாள்தோறும் பயணம் செய்யலாம்.

ஒரு நகரில் இரண்டு மூன்று நாட்கள் தங்கிப் பார்க்க விரும்புவோருக்கு நெகிழ்வுச் சீட்டே பொருத்தமானது. தொடர் சீட்டு வாங்கியவர், விலைக்குரிய பயன் பெற வேண்டும் என்பதற்காக நாள்தோறும் வண்டியேறி, எந்த ஊரையும் சரியாகக் காணாமல் திரும்புவதும் உண்டு.

வயது அடிப்படையில் 27 வயது வரை உள்ளவர்கள் இளைஞர் எனக் கொள்ளப்பட்டு, அவர்களுக்கு ஏறத்தாழ கால் பங்கு வரை விலை குறைக்கப்படுகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறிய தள்ளுபடி உண்டு. 4 முதல் 11 வயது வரையுள்ள சிறுவர், சீட்டு வைத்திருக்கும் பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எனவும் பிரிவுகள் உள்ளன. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பையே நாடுகின்றனர்.

செயற்படும் முறை

பயண நாள்

ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரையுள்ள 24 மணி நேரமாகும். அந்த நாளில் எத்தனை வண்டிகளில் வேண்டுமானாலும் ஏறலாம். இரவு வண்டியில் நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் காலையில் இறங்கினால், ஏறிய நாள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். ஆனால் மறுநாள் காலை வேறு வண்டிக்கு மாறினால் அந்த நாளும் கணக்கில் சேரும். முற்காலத்தில் மாலை 7 மணிக்குப் பின் இரவு வண்டியில் ஏறுவோர் மறுநாளின் தேதியைக் குறிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பழைய கையேடுகளில் காணப்படும் அவ்விதி இப்போது நடைமுறையில் இல்லை.

பயணக் குறிப்பு

தொடக்க காலத்தில் சீட்டு ஒரு சிறிய தாள் கையேடாக இருந்தது. ஒவ்வொரு பயணத்தையும் வண்டி ஏறுமுன் பேனாவால் அதில் எழுத வேண்டும். எழுதத் தவறியவர், சீட்டு வைத்திருந்தும் சீட்டின்றிப் பயணம் செய்தவராகக் கருதப்பட்டுத் தண்டம் செலுத்த நேரிடலாம். இப்போது சீட்டு பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில் வழங்கப்படுகிறது. வண்டி ஏறுமுன் பயணத்தைச் செயலியில் சேர்க்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து போனால் சீட்டைக் காட்ட இயலாது என்பதால், மின்னேற்றுக் கருவி இன்றியமையாத பொருளாகிவிட்டது. சீட்டுடன் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டையையும் காட்ட வேண்டும்.

கால அட்டவணைகளுக்கு, 1873 முதல் தாமசு குக் நிறுவனம் வெளியிட்டு வந்த ஐரோப்பியத் தொடருந்து அட்டவணை நூலே நீண்டகாலம் பயணிகளின் துணையாக இருந்தது. 2013 இல் அந்நிறுவனம் இதனை நிறுத்திக்கொண்டது. அதன் முன்னாள் பணியாளர்கள் 2014 முதல் இந்நூலைத் தனியே வெளியிட்டு வருகின்றனர்.

இருக்கை முன்பதிவு

சீட்டு வைத்திருப்பது எல்லா வண்டிகளிலும் இருக்கை கிடைக்கும் என்பதற்கு உறுதியன்று. செருமனி, ஆசுத்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, டென்மார்க்கு ஆகிய நாடுகளின் பெரும்பாலான உள்நாட்டு வண்டிகளில் முன்பதிவு இன்றியே ஏறலாம். பிரான்சின் அதிவேக வண்டிகள், இசுப்பெயினின் நெடுந்தொலைவு வண்டிகள், இத்தாலியின் அதிவேக வண்டிகள், கால்வாய்ச் சுரங்கம் வழியாகச் செல்லும் யூரோசுடார் வண்டிகள், ஏறத்தாழ எல்லா இரவு வண்டிகள் ஆகியவற்றில் முன்பதிவு கட்டாயமாகும். இதற்கான கட்டணம் சீட்டின் விலையில் அடங்காது. சில வண்டிகளில் சீட்டு வைத்திருப்போருக்கென ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவாகவே இருப்பதால் கோடை விடுமுறைக் காலத்தில் அவை விரைவில் தீர்ந்துவிடுகின்றன.

முன்பதிவுக் கட்டணத்தைத் தவிர்க்க விரும்புவோர் வட்டார வண்டிகளில் மெதுவாகச் செல்வதுண்டு. நேரம் கூடுதலாகும், ஆனால் சிற்றூர்களையும் மலைப் பள்ளத்தாக்குகளையும் காணும் வாய்ப்புக் கிடைக்கும்.

தகுதி

இன்டர்ரெயில் சீட்டுக்கான தகுதி குடியுரிமை மட்டுமன்றி வசிப்பிடத்தையும் பொறுத்தது. ஐரோப்பாவில் சட்டப்படி வசிக்கும் எந்நாட்டவரும் அதற்கான சான்றைக் காட்டி இதனை வாங்கலாம். எனவே செருமனியிலோ பிரான்சிலோ வசிப்பிட அனுமதியுடன் படிக்கும் இந்திய, இலங்கை மாணவர்களும் இன்டர்ரெயிலுக்குத் தகுதி உடையவர்கள். சென்னையிலோ கொழும்பிலோ இருந்து சுற்றுலாவாகச் செல்பவர்கள் யூரெயில் சீட்டை வாங்க வேண்டும்.

ஆனால் சீட்டு இருப்பதால் மட்டும் ஒருவர் எல்லா நாடுகளுக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. செங்கன் உடன்பாட்டு நாடு ஒன்றில் வசிப்பிட அனுமதி பெற்ற மாணவர், பிற செங்கன் நாடுகளில் எந்த 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். அயர்லாந்தும் ஐக்கிய இராச்சியமும் செங்கன் பகுதியில் இல்லை; இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அங்கு தனி நுழைவிசைவு வேண்டும். அதேபோல் இலண்டனில் படிக்கும் இந்திய மாணவர் பாரிசு செல்ல செங்கன் நுழைவிசைவு பெற வேண்டும். அதற்கு விண்ணப்பிப்போர் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்புறுதியைக் காட்ட வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் நண்பர்கள் சேர்ந்து புறப்படும்போது, ஒருவருக்கு அடையாள அட்டை போதுமானதாகவும் மற்றொருவருக்குப் பல வார முன்னேற்பாடு தேவையாகவும் இருப்பது இவ்வேறுபாட்டினால்தான். எனவே கலப்புக் குழுக்கள் பயண வழியை முடிவு செய்யுமுன் ஒவ்வொருவரின் நுழைவுரிமையையும் சரிபார்ப்பது அவசியமாகும்.

எல்லைகளும் நாணயமும்

செங்கன் உடன்பாடு 1985 சூன் 14 அன்று இலக்சம்பர்க்கில் உள்ள செங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தானது. 1995 மார்ச்சு 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், இரவு வண்டிகளில் பயணிகளை எழுப்பிக் கடவுச்சீட்டுகளைச் சோதிப்பது வழமையாக இருந்தது. குரோவாசியா 2023 இலும், பல்கேரியா, உருமேனியா ஆகியவை 2025 சனவரியில் தரைவழி எல்லைகளிலும் முழுமையாக இணைந்ததை அடுத்து இப்பகுதி 29 நாடுகளைக் கொண்டதாயிற்று. எனினும் பல நாடுகள் அவ்வப்போது தற்காலிகச் சோதனைகளை மீண்டும் கொண்டு வருகின்றன. ஆகையால் எல்லை கடக்கும்போது கடவுச்சீட்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

2002 சனவரி 1 அன்று யூரோ தாள்களும் நாணயங்களும் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை பிராங்கு, மார்க்கு, லீரா என ஒவ்வொரு நாட்டிலும் பணம் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறு தொகை கழிந்தது. இப்போதும் சுவிட்சர்லாந்து, செக் குடியரசு, அங்கேரி, போலந்து, டென்மார்க்கு, சுவீடன், நோர்வே போன்ற நாடுகள் தத்தம் நாணயத்தையே பயன்படுத்துகின்றன.

சிக்கனப் பயணம்

சீட்டு இலாபமா என்னும் கணக்கு

இன்டர்ரெயில் எப்போதும் மலிவானது என்ற கருத்து சரியன்று. சீட்டின் விலையைப் பயண நாட்களால் வகுத்து, முன்பதிவுக் கட்டணத்தைக் கூட்டி, அதே வழிக்கான தனிச்சீட்டு விலையுடன் ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 7 நாள் சீட்டின் விலை 280 யூரோ என வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 40 யூரோ ஆகிறது. முன்பதிவு தேவையற்ற நெடுவழிகளில் இது பெரும்பாலும் இலாபமாகும். மூன்று மணி நேரத்துக்கும் குறைவான குறுகிய வழிகளிலும், பல வாரங்களுக்கு முன்பே தேதியை உறுதிசெய்து தள்ளுபடிச் சீட்டு வாங்கக் கூடியவர்களுக்கும் தனிச்சீட்டு மலிவாக இருக்கலாம். சீட்டின் உண்மையான மதிப்பு, திட்டத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் உரிமையிலேயே உள்ளது. மழை பெய்யும் ஊரை விட்டுவிட்டு அன்றே வேறு திசையில் செல்லலாம்.

பயண நாட்களை வீணாக்காதிருக்க, குறுகிய தொலைவுக்குப் பணம் கொடுத்துத் தனிச்சீட்டு வாங்கி, நீண்ட தொலைவுக்கு மட்டும் பயண நாளைச் செலவிடுவது அனுபவம் உள்ளவர்களின் வழக்கம். இலக்சம்பர்க்கில் 2020 மார்ச்சு 1 முதல் உள்நாட்டுத் தொடருந்து, பேருந்து ஆகியவற்றில் இரண்டாம் வகுப்புப் பயணம் அனைவருக்கும் இலவசம் என்பதால், அந்நாட்டுக்குள் சுற்றுவதற்குப் பயண நாளைப் பயன்படுத்தத் தேவையில்லை.

தங்குமிடம்

இளைஞர் விடுதிகளில் பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் தங்குவர். நான்கு அல்லது ஆறு நண்பர்கள் சேர்ந்தால் ஓர் அறை முழுவதையும் தாமே எடுத்துக்கொள்ளலாம்; இது பாதுகாப்புக்கும் உகந்தது. பெரும்பாலான விடுதிகளில் பொதுச் சமையலறை உண்டு. பொருள்களை வைக்கும் பெட்டிக்குப் பூட்டைப் பயணியே கொண்டு செல்ல வேண்டியிருக்கும்.

இரவு வண்டியில் பயணம் செய்தால் ஓர் இரவுத் தங்கல் செலவு மிச்சமாகும். நான்கு அல்லது ஆறு பேருக்கான படுக்கை அறைகள் நண்பர் குழுக்களுக்கு ஏற்றவை. இருக்கையில் அமர்ந்தபடி இரவைக் கழிப்பது இன்னும் மலிவு. ஆனால் மறுநாள் களைப்பினால் ஊர் பார்க்க முடியாமல் போகக்கூடும்.

உணவும் நீரும்

உணவகங்களை விடப் பல்பொருள் அங்காடியில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழங்கள் வாங்கி உண்பது மிகக் குறைந்த செலவாகும். தொடருந்து நிலையங்களில் உள்ள கடைகளில் விலை கூடுதல் என்பதால், வண்டி ஏறுமுன் நகருக்குள்ளேயே வாங்கிக்கொள்வது நல்லது. மேற்கு, வட ஐரோப்பிய நகரங்களில் குழாய் நீர் குடிக்கத் தக்கது. உரோம் நகரத் தெருக்களில் நாசோனி எனப்படும் குடிநீர்க் குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றில் எந்நேரமும் இலவசமாகக் குடிநீர் பிடிக்கலாம்.

அருங்காட்சியகங்கள்

இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. பாரிசின் இலூவர் அருங்காட்சியகம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்குக் குறைந்தவர்களை இலவசமாக அனுமதிக்கிறது. இங்கும் குடியுரிமையை விட வசிப்பிடமே கருதப்படுவதால் அப்பகுதியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களும் பயன்பெறுகின்றனர். மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகம் நாள்தோறும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசமாகத் திறந்திருக்கும். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் இல்லை. பல இடங்களில் மாணவர் அடையாள அட்டைக்குச் சலுகை உண்டு.

மாதிரிப் பயண வழி

7 பயண நாட்கள் கொண்ட சீட்டுக்கு ஏற்ற வழி ஒன்று கீழே தரப்பட்டுள்ளது. கடைசி இரவு வண்டியைத் தவிர மற்ற வழிகளில் பொதுவாக முன்பதிவு கட்டாயமில்லை. நேரங்கள் தோராயமானவை, பாதைப் பராமரிப்புப் பணிகளால் மாறக்கூடும்.

1. ஆம்சுட்டர்டாம் – பெர்லின்: சுமார் 6 மணி நேரம்.
2. பெர்லின் – பிராகா: சுமார் 4½ மணி நேரம். திரெசுடன் நகருக்குப் பின் எல்பே ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் பகுதி அழகானது.
3. பிராகா – வியன்னா: சுமார் 4 மணி நேரம்.
4. வியன்னா – புடாபெசுட்டு: சுமார் 2¾ மணி நேரம்.
5. புடாபெசுட்டு – மியூனிக்: சுமார் 7 மணி நேரம், வியன்னா, சால்சுபர்க்கு வழியாக.
6. மியூனிக் – சால்சுபர்க்கு – மியூனிக்: ஒரே நாளில் சென்று திரும்பலாம்.
7. மியூனிக் – ஆம்சுட்டர்டாம்: இரவு வண்டி.

இவ்வழியில் செக் குடியரசிலும் அங்கேரியிலும் மட்டும் வேறு நாணயம் தேவைப்படும். எல்லா நாடுகளும் செங்கன் பகுதியைச் சேர்ந்தவை.

டிஸ்கவர்-இயூ

பணம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கின்றனர் என்ற குறைபாட்டைப் போக்க, 18 வயது நிறைந்த ஒவ்வோர் ஐரோப்பியருக்கும் இலவச இன்டர்ரெயில் சீட்டு வழங்க வேண்டும் என்ற கருத்தை இரண்டு செருமானிய இளைஞர்கள் 2014 இல் முன்வைத்தனர். 2016 இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதற்கு ஆதரவு கிடைத்தது. 2018 இல் ஐரோப்பிய ஆணையம் டிஸ்கவர்-இயூ என்ற பெயரில் இதனை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2021 முதல் இது எராசுமசு திட்டத்தின் ஒரு பகுதியாக உள்ளது.

விண்ணப்பிப்போர் ஐரோப்பா பற்றிய சில வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தெரிவு செய்யப்படுவோர் 30 நாட்கள் வரை பயணம் செய்யலாம். தனியாகவோ, மொத்தம் ஐந்து பேர் வரை கொண்ட நண்பர் குழுவாகவோ விண்ணப்பிக்கலாம். அனைவருக்கும் வழங்க வேண்டும் என்ற தொடக்கக் கோரிக்கை நிறைவேறவில்லை. விண்ணப்பிப்போரை விடச் சீட்டுகள் மிகக் குறைவு. மேலும் சீட்டு மட்டுமே இலவசம். உணவு, தங்குமிடம் ஆகிய செலவுகளைப் பயணியே ஏற்க வேண்டியுள்ளதால், ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்கு இது முழுத் தீர்வாகாது என்று குறை கூறப்படுகிறது.

சிக்கல்களும் விமர்சனங்களும்

- அதிவேக வண்டிகள்: 1972 இல் பெரும்பாலான வண்டிகளில் சீட்டைக் காட்டி ஏறிவிடலாம். 1981 இல் பிரான்சில் தொடங்கி அதிவேக வண்டிகள் பரவியபோது, பல முதன்மை வழிகளில் மெதுவான பகல் வண்டிகள் குறைந்தன. இதனால் முன்பதிவுக் கட்டணமும் முன்கூட்டிய திட்டமும் தவிர்க்க முடியாதவையாயின. நினைத்தவுடன் புறப்படும் விடுதலை என்ற இன்டர்ரெயிலின் அடிப்படைத் தன்மை இதனால் குன்றியது.
- மலிவு விலை வானூர்திகள்: 1997 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வான்வழிச் சந்தை முழுமையாகத் திறக்கப்பட்டபின் ரயன்ஏர், ஈசிஜெட் போன்ற நிறுவனங்கள் பெருகின. 2013 முதல் பிளிக்சுபசு நிறுவனத்தின் நெடுந்தொலைவுப் பேருந்துகளும் போட்டியாக வந்தன. விலையை மட்டும் கருதும் மாணவருக்குப் பல வழிகளில் இவை மலிவானவை. அதே வேளை, தொடருந்துப் பயணம் சுற்றுச்சூழலுக்கு ஏற்படுத்தும் கேடு வானூர்தியை விட மிகக் குறைவு என்பதால் அண்மைக் காலத்தில் இளைஞர் கவனம் மீண்டும் தொடருந்தின் பக்கம் திரும்பியுள்ளது.
- இரவு வண்டிகளின் தேய்வு: 2000களிலும் 2010களிலும் பல இரவு வண்டிகள் நிறுத்தப்பட்டன. செருமானியத் தொடருந்து நிறுவனம் 2016 திசம்பரில் தன் படுக்கை வண்டிகளைக் கைவிட்டபோது, ஆசுத்திரியத் தொடருந்து நிறுவனம் அவற்றுள் சிலவற்றை ஏற்று நைட்ஜெட் என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. 2023 இல் பிரசல்சு – பெர்லின் இடையே யூரோப்பியன் சுலீப்பர் என்ற புதிய நிறுவனம் இரவு வண்டியை இயக்கியது.
- சீரற்ற வலையமைப்பு: பால்கன் நாடுகளில் எல்லை கடக்கும் வண்டிகள் மிகச் சில. சீட்டு செல்லுபடியானாலும் ஓட வண்டி இல்லாத இடங்களில் பேருந்தையே நம்ப வேண்டியுள்ளது.

பண்பாட்டில்

ஐரோப்பாவின் பல நாடுகளில் பள்ளி இறுதித் தேர்வுக்கும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட கோடையில் நண்பர்களுடன் இன்டர்ரெயில் செல்வது ஒரு தலைமுறை அனுபவமாகக் கருதப்படுகிறது. செருமன் உள்ளிட்ட சில மொழிகளில் இச்சொல் வினைச்சொல்லாகவே வழங்குகிறது. ரிச்சர்டு லிங்க்லேட்டர் இயக்கத்தில் 1995 இல் வெளிவந்த பிபோர் சன்ரைஸ் திரைப்படம், யூரெயில் சீட்டுடன் பயணம் செய்யும் அமெரிக்க இளைஞர் ஒருவர் புடாபெசுட்டில் இருந்து வரும் தொடருந்தில் பிரெஞ்சு மாணவி ஒருவரைச் சந்தித்து இருவரும் வியன்னாவில் இறங்குவதை அடிப்படையாகக் கொண்டது.

போரினால் இருமுறை சிதைந்த ஒரு கண்டத்தில், அயல் நாட்டினரின் ஊர்களையும் வாழ்க்கையையும் இளம் வயதிலேயே நேரில் காணும் வாய்ப்பை அளித்ததே இத்திட்டத்தின் முதன்மைப் பங்களிப்பாகக் கருதப்படுகிறது. அவ்வாய்ப்பு பணத்தாலும் கடவுச்சீட்டாலும் இன்னமும் வரையறுக்கப்பட்டே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- யூரெயில்
- செங்கன் உடன்பாடு
- இளைஞர் விடுதி
- எராசுமசு திட்டம்